டீசல் உறிஞ்சுன தம்பியும், காலையில திணறுற லாரியும்

1/
இது ஒரு நுரையீரல் கதை. பாதிக்கு மேல லாரி இன்ஜின் பத்தி வரும். பொறுமையா படிங்க. லாரி, பிக்கப், டிராக்டர் வச்சிருக்குற சொந்தக்காரங்க இருந்தா கண்டிப்பா அவங்களுக்கு அனுப்புங்க. சம்பந்தப்பட்டவங்ககிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான் எழுதுறேன். பேரும் ஊரும் வேண்டாம், நீலகிரி மாவட்டம்னு மட்டும் வச்சுக்குவோம்.

2/
போன டிசம்பர்ல ஒரு நாள் மதியம், ஓபி முடியுற நேரம். இருபது வயசு இருக்கும் ஒரு தம்பி. ஓயாத இருமல், நெஞ்சு வலி, காய்ச்சல். ஆக்சிஜன் அளவு 91. "எப்போ இருந்துப்பா?"ன்னு கேட்டேன். "காலைல இருந்துங்க மேடம். சளி புடிச்சிருச்சுங்க, ஒரு ஊசி போட்டா சரியாயிரும்ங்க" என்றார். பக்கத்துல போய் ஸ்டெத் வைக்கும்போது வாடை வந்துச்சு. மூச்சுல டீசல் வாடை.

3/
"டீசல் குடிச்சியா?"
"குடிக்கலைங்க. உறிஞ்சறப்போ உள்ள போயிருச்சுங்க."

கேரட் லோடு ஏத்துற மினி லாரியில கிளீனர். வண்டி காலைல ஸ்டார்ட் ஆகாது. டீசல் ஹோசைக் கழட்டி, வாயால உறிஞ்சி, டீசல் வாய்க்கு வந்ததும் துப்பிட்டு மறுபடி மாட்டுவாராம். மூணு வாரமா தினமும் இதே வேலை. அன்னைக்கு உறிஞ்சறப்போ ஒரு தும்மல். கொஞ்சம் புரை ஏறிடுச்சு. அவ்வளவுதான்.

4/
அந்த 'அவ்வளவுதான்' என்ன பண்ணும்னு சொல்றேன். டீசல், மண்ணெண்ணெய், பெட்ரோல் எல்லாம் தண்ணியைவிட லேசா பரவுற திரவங்கள். வயித்துக்குள்ள போறதைவிட மூச்சுக்குழாய்க்குள்ள போறதுதான் பெரிய ஆபத்து. ஒரு ஸ்பூன்கூட வேண்டாம். நுரையீரலோட சின்னச் சின்ன காற்றறைகள் ஒட்டிக்காம இருக்க உள்ளே ஒரு வழவழப்பான பூச்சு இருக்கு. அதை இது கரைச்சு விட்டுடும். அந்த இடம் வெந்து வீங்கும். கிருமியே இல்லாம வர்ற நிமோனியா இது.

5/
எக்ஸ்ரேல வலது பக்கம் கீழே வெள்ளையா திட்டு. அட்மிட் பண்ணோம். ஆக்சிஜன் வச்சோம், கண்காணிப்புல வச்சோம். இதுக்கு மாற்று மருந்துன்னு எதுவும் கிடையாது. உடம்பு தானா ஆத்திக்கணும், அதுவரைக்கும் நாம தாங்கிப் பிடிக்கணும். இரண்டாவது நாள் காய்ச்சல் இறங்குச்சு. மூணாவது நாள் ஆக்சிஜன் இல்லாமலே 96. எனக்கு நிம்மதி.

6/
மூணாவது நாள் ரவுண்ட்ஸ்ல அவர் கேட்ட முதல் கேள்வி: "எப்பங்க மேடம் அனுப்புவீங்க? லோடு போகணும்."
"போய் என்ன பண்ணுவ?"
"வண்டி எடுக்கணுங்க."
"எப்படி எடுப்ப?"
பதில் இல்ல. சிரிச்சாரு.

அப்பத்தான் உறைச்சது. நான் இவரை குணமாக்கி, அதே ஹோஸ்கிட்டதான் திருப்பி அனுப்பப் போறேன்.

7/
சாயங்காலம் வண்டி ஓனர் வந்தார். அவரேதான் டிரைவரும். ஐம்பது வயசு. ஆரஞ்சு, ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கிட்டு, தப்பு பண்ணவர் மாதிரி கட்டில் ஓரமா நின்னார். திட்டணும்னுதான் போனேன். அவர் சொன்னதைக் கேட்டப்புறம் திட்ட முடியல.

2004 மாடல் வண்டி. நாலு சிலிண்டர் டீசல், கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத பழைய மெக்கானிக்கல் பம்ப். ராத்திரி நின்னுட்டு காலைல செல்ஃப் அடிச்சா ரொம்ப நேரம் சுத்தும். எடுத்ததும் திணறும், மிஸ்ஸிங் அடிக்கும், வெள்ளைப் புகை கக்கும், சில நாள் நின்னே போகும். பத்து நிமிஷம் சூடாயிட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும்.

8/
"நாலு நாசிலும் மாத்தியாச்சுங்க. பம்பைக் கழட்டி வேலை பார்த்தாச்சு. பேட்டரி புதுசு. 30 ஆயிரத்துக்கு மேல போயிருச்சு. ஒண்ணும் சரியாகலைங்க. மேட்டுப்பாளையம் மண்டிக்கு நேரத்துக்குப் போகலைன்னா கேரட் விலை போகாது. போன வாரம் இறக்கத்துல வண்டி ஆஃப் ஆயிருச்சுங்க மேடம்."

கடைசி வரியைக் கவனிங்க. டீசல் வண்டியில பிரேக்குக்கு உதவுற வேக்குவம், இன்ஜின் சுத்துனாத்தான் வரும். இன்ஜின் நின்னா ரெண்டு மூணு மிதிக்கு அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிடும். குன்னூர் மலைப்பாதையில, பின்னாடி மூணு டன் கேரட்டோட.

9/
இங்கதான் நான் ஒரு தப்பு பண்ணேன்.

என் அப்பா டீசல் மெக்கானிக். நான் ஸ்பேனர் சத்தத்துல வளர்ந்தவ. அந்தத் திமிர்ல, வார்டுல நின்னுக்கிட்டே சொல்லிட்டேன்: "காலைல மட்டும் திணறுது, வெள்ளைப் புகை வருது, பழைய வண்டி. கம்ப்ரஷன் போயிருக்கும்ங்க. இன்ஜின் வேலை பார்க்க வேண்டி வரலாம்."

அவர் முகம் செத்துப் போச்சு. தலையாட்டிட்டுப் போயிட்டார்.

10/
அன்னைக்கு ராத்திரி அப்பாகிட்ட போன்ல இதைச் சொன்னேன், பெருமையாத்தான். அப்பா எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மணி, வண்டிய ராத்திரி எந்தப் பக்கம் பார்த்து நிறுத்தறாரு?"
"தெரியலப்பா."
"வண்டியப் பார்த்தியா?"
"இல்லப்பா."
"பார்க்காமயே இன்ஜின் போச்சுன்னு சொல்லிட்டயா? நோயாளிகிட்டயும் இப்படித்தான் சொல்லுவியா?"

11/
உடனே ஓனருக்கு போன் போட்டேன். வீட்டு வாசல் மேட்டுல, முகம் மேலே பார்த்து நிறுத்துறாராம். மண்டி வாசல்ல சமமான தரையில ராத்திரி முழுக்க நிறுத்தினா? "அங்க அவ்வளவா தகராறு பண்ணாதுங்க. கீழ குளிர் இல்லைல்லங்க, அதான்."

கூடவே இன்னொண்ணும் சொன்னார். நான் கம்ப்ரஷன்னு சொன்னதை நம்பி, வீட்ல நகையை அடமானம் வைக்கிறதைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்திருக்காங்க. டாக்டரே சொல்லிட்டாங்கன்னு. எனக்குச் சுருக்குன்னுச்சு. இன்ஜினைப் பத்தி நான் சொன்ன வார்த்தைக்கு என் எம்பிபிஎஸ் மரியாதையைக் கொடுத்திருக்கார்.

12/
அப்பா சனிக்கிழமை பஸ் ஏறி வந்துட்டார். மேட்டுப்பாளையத்துல இருந்து வர்றவருக்கு ரெண்டு ஸ்வெட்டர், ஒரு மங்கி கேப். பையில டூல்ஸ், ஒரு அடி நீளத்துக்கு கண்ணாடி மாதிரி தெரியுற பிளாஸ்டிக் டியூப், அடியில குழாய் வச்ச அஞ்சு லிட்டர் கேன்.

போட்ட முதல் கண்டிஷன்: "நாளைக்குக் காலைல நான் வர்ற வரைக்கும் யாரும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது. சூடு பண்ணி வச்சுட்டு என்னைக் கூப்பிட்டா நோய் ஒளிஞ்சுக்கும்." வெறும் வயித்துல எடுக்க வேண்டிய சுகர் டெஸ்ட்டுக்கு, டீ குடிச்சுட்டு வர்றவங்களை நான் தினமும் திருப்பி அனுப்புறேன். அதே கதைதான்.

13/
கொஞ்சம் விளக்கம். டீசல் இன்ஜின்ல ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை நசுக்கும்போது அது பயங்கரமா சூடாகும், அதுல டீசலைப் பீச்சினா தானா பத்திக்கும். காலைக் குளிர்ல காற்றும் ஜில், சிலிண்டர் சுவரும் ஜில். ஊட்டி உயரத்துல (சுமார் 2,240 மீட்டர்) காற்றழுத்தமே கடல் மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. ஏற்கெனவே விளிம்புல நிக்குற இன்ஜின். சின்னக் குறை இருந்தாலும் காலைல காட்டிக் கொடுத்துடும், சூடானதும் மறைச்சுடும்.

அதனால 'காலைல மட்டும் திணறுது'ங்கிறது நோயோட பேரு இல்ல. காய்ச்சல் மாதிரி ஒரு அறிகுறி. காரணம் பத்து இருக்கலாம்.

14/
புகையும் அப்படித்தான். சளி என்ன கலர்னு நாங்க கேட்போம்ல? கறுப்புப் புகைன்னா டீசல் அதிகம் இல்ல காற்று கம்மி (ஏர் ஃபில்டர் அடைப்பு). நீலம்னா இன்ஜின் ஆயில் எரியுது. வெள்ளைன்னா டீசல் சரியா எரியாம ஆவியா வெளியே வருது. சூடான பிறகும் வெள்ளை நிக்கலைன்னா ரேடியேட்டர் தண்ணி உள்ள போகுதான்னு பார்க்கணும். வெள்ளைப் புகை 'எரியல'ன்னு மட்டும்தான் சொல்லும். ஏன் எரியலன்னு சொல்லாது. நான் விட்ட இடம் அதுதான்.

15/
சனிக்கிழமை சாயங்காலம் அப்பா ஒரே ஒரு வேலைதான் செஞ்சார். டேங்கில இருந்து வர்ற ஹோஸ், ஃபீட் பம்புல சேர்ற இடத்துல அந்தக் கண்ணாடி டியூபை மாட்டினார். டீசல் உள்ளே ஓடுறது வெளியே தெரியணும். வண்டியைச் சூடாக்கி, ஆயில் ஊத்துற மூடியைத் திறந்து பார்த்தார். புகை குபுகுபுன்னு வரல. "ஆயில் குடிக்குதாங்க?" "இல்லைங்க." "மேட்டுல இழுவை குறைஞ்சிருக்கா?" "இல்லைங்க, லோடோட நல்லா ஏறும்." அப்பா என் பக்கம் திரும்பி, "கம்ப்ரஷன் போன வண்டி இப்படிச் சொல்லுமா?" என்றார். நான் ஒண்ணும் பேசல.

16/
ஞாயிறு காலை அஞ்சரை மணி. புல்லுல வெள்ளையா உறைபனி. டார்ச் அடிச்சுப் பார்த்தோம். நேத்து நிரம்பி இருந்த டியூப் இப்போ காலி. ராத்திரியோட ராத்திரியா டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிடுச்சு. செல்ஃப் அடிச்சாங்க. ரொம்ப நேரம் கழிச்சு இன்ஜின் எடுத்துச்சு, திணறுச்சு, டியூப்ல டீசலும் குமிழியும் மாறி மாறி ஓடுச்சு. சோடா மாதிரி.

17/
உடனே முடிவு சொல்லல அவர். திணறிட்டு இருக்கும்போதே, இன்ஜெக்டருக்குப் போற பைப் நட்டுகளை ஒண்ணொண்ணா லேசா தளர்த்தி, திரும்ப இறுக்கினார். ஒரு சிலிண்டருக்கு டீசலை நிறுத்தினதும் இன்ஜின் சத்தம் இன்னும் விழுந்தா, அந்தச் சிலிண்டர் வேலை செஞ்சிட்டு இருந்ததுன்னு அர்த்தம். சத்தம் மாறலைன்னா அதுதான் சோம்பேறி. இங்க நாலுமே மாறுச்சு.

ஒரே சிலிண்டர்னா நாசில், வால்வு, டேப்பட்னு அந்த ஒண்ணோட பிரச்சினை. நாலுக்கும் சேர்ந்துன்னா, நாலுக்கும் பொதுவா இருக்குற இடத்துல பிரச்சினை. நாலு நாசிலும் வீணாத்தான் மாத்தியிருக்காங்க.

18/
அந்த நட்டு கசியுதான்னு பார்க்க நான் விரலைக் கொண்டு போனேன். பளார்னு கையில ஒரு அடி. "கைய எடு அம்மணி!" முப்பது வயசுக்கு மேல அப்பாகிட்ட அடி வாங்கினேன்.

அவர் செஞ்சது சரி. இதைத் தனியா படிங்க: பழைய வண்டி இன்ஜெக்டரே 200 பார் அழுத்தத்துல டீசலைப் பீச்சும். தோலைத் துளைக்க 7 பார் அளவே போதும். நாசில் பீச்சுறதை விரல் வச்சோ உள்ளங்கை வச்சோ சோதிக்கிறவங்க இருக்காங்க. ஊசி குத்துன மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், முதல்ல வலிகூட பெருசா இருக்காது. உள்ளே டீசல் விரல் நீளத்துக்குப் பரவியிருக்கும். சில மணி நேரத்துல விரலே போகலாம். "சின்னக் காயம்தானே"ன்னு காத்திருக்காதீங்க. உடனே ஆபரேஷன் வசதி இருக்குற பெரிய ஆஸ்பத்திரி. போனதும் 'அழுத்தத்துல டீசல் ஏறிடுச்சு'ன்னு சொல்லணும்.

19/
அடுத்த சோதனை. ஹோஸ், டேங்க் எல்லாத்தையும் ஒதுக்கிட்டு, கேன்ல டீசல் ஊத்தி, பம்பைவிட உயரத்துல கட்டி, நேரா ஃபீட் பம்புக்குக் கொடுத்தார். குழாய் அடியில இருந்ததால டீசல் தானா இறங்குச்சு, யாரும் வாய் வைக்கத் தேவையில்ல. காற்றை வெளியே எடுத்துட்டு, வண்டியை அதே மேட்டுல, அதே பக்கம் பார்த்து நிறுத்தியாச்சு. ஓனருக்குப் பொறுமை இல்ல. "இப்பவே அடிச்சுப் பார்ப்போமுங்க." அப்பா விடல. "நோய் காலைலதான வருது? பதிலும் காலைலதான் வரும்."

20/
திங்கள் காலை, எனக்கு ஓபிக்கு முன்னாடி. அதே குளிர். செல்ஃப் அடிச்சார். டக்குனு எடுத்துச்சு. லேசா ஒரு வெள்ளைப் புகை, அரை நிமிஷத்துல அதுவும் இல்ல. ஐடிலிங் சீரா நின்னுச்சு. நாசில் அதேதான், பம்ப் அதேதான், கம்ப்ரஷன் அதேதான். மாறினது டேங்குல இருந்து பம்பு வரைக்கும் இருக்குற வழி மட்டும்.

ஓனர் ஸ்டியரிங்ல தலை வச்சுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

21/
ஓட்டை எங்க? ஹோஸ்ல, கிளாம்புக்கு அடியில, ரப்பர் காய்ஞ்சு முடி மாதிரி வெடிப்பு. மூணு பேர் பார்த்தும் ஏன் கண்ணுல படல? அந்தப் பகுதி டீசலை உறிஞ்சுற பக்கம். அங்க ஓட்டை இருந்தா டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். ஈரமே தெரியாது. குளிர்ல ரப்பர் இறுகும்போது வெடிப்பு திறக்கும், இன்ஜின் சூட்டுல இளகும்போது ஓரளவு மூடிக்கும். மீதிக் குமிழியை பம்போட ரிட்டன் லைன் வெளியே தள்ளிடும். அதனால சூடானா நல்லா ஓடுச்சு. முகம் மேலே பார்த்து நிறுத்தினா டேங்க் கீழே போயிடும், டீசல் சுலபமா திரும்பி இறங்கும்.

22/
இனிதான் எனக்கு முக்கியமான விஷயம். அந்த ஃபீட் பம்புலயே கையால அமுக்குற ஒரு சின்ன ஹேண்ட் பிரைமர் உண்டு. காற்று பிடிச்சா டீசலை ஏத்துறதுக்குன்னே கம்பெனி வச்சது. அது எப்பவோ துருப்பிடிச்சு இறுகிப் போயிருந்துச்சு. பம்பைக் கழட்டி வேலை பார்த்தவங்களும் அதைத் தொடல. அது வேலை செஞ்சிருந்தா அந்தத் தம்பி வாயே வச்சிருக்க மாட்டார்.

ஹோஸ், ரெண்டு கிளாம்ப், செம்பு வாஷர்கள், புது ஹேண்ட் பிரைமர். மொத்தம் ஆயிரம் ரூபாய்க்குள்ள. செவ்வாய்க் கிழமை காலை, கேன் இல்லாம, சொந்த டேங்குல, அதே மேட்டுல ஸ்டார்ட் பண்ணி உறுதி பண்ணாங்க. அதுக்கப்புறம்தான் அப்பா டீ குடிச்சுட்டு பஸ் ஏறினார்.

23/
ஓனர்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன். "நான் வண்டியைப் பார்க்காம சொல்லியிருக்கக் கூடாதுங்க." அவர் பதறிட்டார், "அய்யோ மேடம், நீங்க போய்..." அப்படின்னார். ஆனா ரெண்டு நாள் அவர் வீட்ல தூங்கியிருக்க மாட்டாங்க. அதுக்குக் காரணம் நான்தான்.

தினமும் 150 பேரைப் பார்க்குற ஓபியில 'எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துவீங்க' மாதிரிக் கேள்விக்கு நேரம் இருக்கிறதில்ல. இருமலுக்கு மருந்து எழுத ஒரு நிமிஷம் போதும். அன்னைக்கு டீசல் வாடை மட்டும் வரலைன்னா, அந்தத் தம்பிக்கும் நான் சளி மருந்துதான் எழுதியிருப்பேன்.

24/
லாரி, டிராக்டர் வச்சிருக்கறவங்களுக்கு:

• டீசலை வாயால உறிஞ்சாதீங்க. ஒரு தடவைகூட. ஹேண்ட் பிரைமரைச் சரி பண்ணுங்க. கேன்ல இருந்து எடுக்கக் கையால அமுக்குற பம்ப் ஹார்டுவேர் கடையிலயே கிடைக்கும்.
• காலைல திணறினா பெரிய செலவுக்கு முன்னாடி சின்னதைப் பாருங்க: ஹோஸ், கிளாம்ப், வாஷர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பேட்டரி. ஹீட்டர் பிளக் இருக்குற வண்டின்னா அதையும்.
• எப்போ வருது, எப்போ வரல, எப்படி நிறுத்தினா வருதுன்னு நாலு நாள் குறிச்சு வச்சு மெக்கானிக்கிட்ட சொல்லுங்க.
• மூடின ஷெட்டுக்குள்ள இன்ஜினை ஓடவிட்டு சூடு பண்ணாதீங்க. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-லயே வகைப்படுத்தியிருக்கு.

25/
டீசல், மண்ணெண்ணெய், பெட்ரோல் யாராவது விழுங்கிட்டாலோ புரை ஏறினாலோ:

• வாந்தி எடுக்க வைக்காதீங்க. உப்புத் தண்ணி வேண்டாம், தொண்டைக்குள்ள விரல் விட வேண்டாம். வாந்தி வரும்போது அது இன்னொரு தடவை நுரையீரலுக்குள்ள போகும்.
• பால், முட்டை, எண்ணெய் கொடுக்காதீங்க.
• நனைஞ்ச துணியைக் கழட்டி, தோலை சோப்பு போட்டுக் கழுவுங்க.
• இருமல், மூச்சு வாங்கல், நெஞ்சு வலி, மயக்கம் எது இருந்தாலும் 108. இப்போ நல்லா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு வந்து குறைஞ்சது ஆறு மணி நேரம் கண்காணிப்புல இருங்க. பாதிப்பு தாமதமாவும் வரலாம்.
• வீட்ல மண்ணெண்ணெய், தின்னர் எதையும் தண்ணி பாட்டில்ல ஊத்தி வைக்காதீங்க. குழந்தைங்க எடுத்துக் குடிச்சுடுறாங்க.

26/
தம்பி அஞ்சாவது நாள் வீட்டுக்குப் போனார். ஆறு வாரம் கழிச்சு ரிவ்யூவுக்கு வந்தப்போ எக்ஸ்ரே சுத்தம். "இப்ப எப்படிப்பா வண்டி எடுக்கிற?"ன்னு கேட்டேன். கட்டை விரலால மேலயும் கீழயும் அமுக்கிக் காட்டினார். ஹேண்ட் பிரைமர்.

"அதுவும் இப்பல்லாம் தேவையே படறதில்லைங்க மேடம்" என்றார். போகும்போது மேசைக்குக் கீழே ஒரு பை கேரட் வச்சுட்டுப் போயிட்டார், சொல்லாமலே. வார்டு ஆயாம்மாவுக்குப் பாதி, எனக்குப் பாதி. அப்பாவுக்கும் சேர வேண்டியது. இந்த வாரம் ஊருக்குப் போறப்போ கொண்டு போகணும்.